இடக்கை வளையங்கள்

பிப்ரவரி 4, திங்கள்

நல்லதம்பி அண்ணன் வெள்ளிக் கடையில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இது. இதுவரை வந்தவை எல்லாம் அடுப்பு மேடையில் எண்ணெய் குடித்தே செத்தன. இந்த வருஷம் எழுதிப் பார்க்கலாம் என்று எடுத்திருக்கிறேன். வீட்டில் பேச ஆளில்லை என்பதால் அல்ல. ஆள் இருந்தபோதும் இவர் அப்படியொன்றும் பேசிக் கிழித்ததில்லை.

இவர் நேற்று விடியற்காலையில் ஹுப்பரிக்குப் போயிருக்கிறார். மகாராஷ்டிராவில் இருக்கிறது. நம் சேலம் மாதிரியே அங்கேயும் தெருத்தெருவாக வெள்ளிக் கொலுசு வேலைதான். புது மிஷின் வந்திருக்கிறதாம், பார்த்துவிட்டு இரண்டு வாரத்தில் வந்துவிடுவாராம். "யார்கிட்டயும் சொல்லிக்காத சாந்தா. நான் ஊர்ல இல்லன்னு தெரிஞ்சா நல்லதம்பி அண்ணன் வெள்ளி தர மாட்டாரு" என்றார். அதுவும் உண்மைதான். வெள்ளியை நம்பிக் கொடுப்பது ஆம்பளை முகத்தைப் பார்த்துத்தான்.

இந்தத் தெருவில் ஒரு கொலுசை ஒரே ஆள் செய்து முடித்ததில்லை. எங்கள் வீட்டில் கம்பி இழுப்பதும் வளையம் கட்டுவதும் சங்கிலி கோப்பதும் இவர் வேலை. வளையத்தின் வாயில் பொடி வைத்து, நெருப்புக் காட்டிப் பற்றவைப்பது என் வேலை. மெருகு பக்கத்து வீட்டு அலமேலு அக்கா. இத்தனை வருஷத்தில் நான் பொடியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. தொட விட்டதுமில்லை.

பிப்ரவரி 6, புதன்

கம்பி அச்சைக் காணவில்லை. துளை துளையாக இருக்கும் எஃகுப் பட்டை. தடித்த கம்பியைப் பெரிய துளையில் விட்டு இழுத்து, அடுத்தடுத்த சின்னத் துளைகளில் விட்டு மெல்லிசாக்குவது. நல்ல அச்சு ஒன்றுதான் இருந்தது. தேய்ந்துபோன பழைய அச்சு மட்டும் கிடக்கிறது. மிஷின் பார்க்கப் போகிறவருக்கு அச்சு எதற்கு? துணிப்பையில் தெரியாமல் போட்டுக்கொண்டு போயிருப்பார். மறதிக்காரர்.

பிப்ரவரி 9, சனி

அலமேலு அக்கா வாசலில் நின்று, "எங்க தீர்த்தகிரி? சுத்தியல் சத்தமே காணோம்" என்றாள்.

"முதுகு புடிச்சுக்கிச்சுக்கா. படுத்துட்டாரு."

"பாத்துட்டுப் போறேன் இரு."

"இப்பத்தான் தூங்கினாரு" என்று நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றேன். அக்கா என் முகத்தை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் கதவு இருந்ததில்லை. குழம்புக் கிண்ணத்தோடு நேராக அடுப்படிக்கே வருகிறவள்.

உள்ளே வந்து சுத்தியலை எடுத்து வெறும் பட்டறைக்கல்லில் கொஞ்ச நேரம் தட்டினேன். பிறகுதான் தோன்றியது, முதுகு பிடித்தவர் எப்படித் தட்டுவார் என்று. ஒரு பொய் சொன்னாலும் யோசித்துச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 13, புதன்

நல்லதம்பி அண்ணன் கொடுத்த வெள்ளிக் கம்பி அப்படியே இருக்கிறது. கொலுசு போகாவிட்டால் ஆள் வந்து பார்ப்பார். வேறு வழியில்லை, அந்தப் பழைய அச்சிலேயே நானே இழுத்தேன்.

கம்பியின் நுனியை அரத்தால் ராவிக் கூராக்கி, துளையில் விட்டு, குறட்டால் கவ்விப் பின்னோக்கி நடக்க வேண்டும். நாலாவது துளையில் கம்பி பட்டென்று அறுந்தது. நான் போய் அரிசி டின் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று மரியாதையாக எழுதுகிறேன். விழுந்தேன்.

தப்பு எங்கே என்று தெரியும். பார்த்துப் பார்த்துத் தெரியும். வெள்ளியை இழுக்க இழுக்க அது விறைத்துக்கொள்ளும், கோபித்துக்கொண்ட ஆம்பளை மாதிரி. அதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். நடுவில் சூடு காட்டி இளக்க வேண்டும். இளக்கினால் குழைந்து கொடுக்கும். ஆம்பளை விஷயத்தில் அதற்கும் உத்தரவாதமில்லை.

பிப்ரவரி 15, வெள்ளி

கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு கம்பிச் சுருளுக்கு நெருப்புக் காட்டினேன். இருட்டில் பார்த்தால்தான் அந்த நிறம் தெரிகிறது. வெளிச்சத்தில் வெள்ளி கடைசிவரை ஒன்றும் காட்டாது, திடீரென்று உருகி விழும். இருட்டிலோ முதலில் மங்கலாக ஒரு சிவப்பு எட்டிப் பார்க்கிறது. அந்த நொடியில் நெருப்பை விலக்கிவிட வேண்டும். இவர் இதை ஒரு நாளும் எனக்குச் சொன்னதில்லை. எத்தனை தடவை உருக்கிவிட்டு என்னைத் திட்டியிருக்கிறார்!

பொடி வைப்பதுதான் எனக்கு உலகத்திலேயே பிடித்த வேலை என்று நினைத்திருந்தேன். வெங்காரத்தில் குழைத்த பொடி முதலில் பொங்கும், பிறகு அடங்கும், பிறகு ஒரே நொடியில் தண்ணீராகி வாய்க்குள் ஓடும். அந்த ஓட்டத்துக்காகவே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தேன். இந்தச் சிவப்பு அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நிறைய பேருக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கதவைச் சாத்தியிருந்தேன்.

பிப்ரவரி 18, திங்கள்

இரண்டு வாரம் ஆயிற்று. போன் எடுக்கவில்லை. அந்த ஊரில் சிக்னல் இருக்காது.

பிப்ரவரி 21, வியாழன்

வளையம் கட்டுவது கேட்பதற்குச் சுலபம். இரும்புக் கம்பியின் மேல் வெள்ளிக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, சுருளை நீளவாக்கில் அறுத்தால் வளையங்கள் உதிரும். சுற்றி, அறுத்து, பார்த்துத் திகைத்துப் போனேன். வாய் மாறி இருக்கிறது.

இவர் இடக்கைக்காரர். இடப்பக்கமாகச் சுற்றுவார். வளையத்தின் வாய் இந்தப் பக்கம் சாயும். நான் வலப்பக்கமாகச் சுற்றியதில் அந்தப் பக்கம் சாய்கிறது. கால் கொலுசைக் கண்ணருகில் வைத்து வாய் சாய்வு பார்க்கிற பைத்தியம் யார் என்று கேட்டால், நல்லதம்பி அண்ணன்தான். எவர் வீட்டுக் கொலுசு என்று சங்கிலியைத் தொட்டே சொல்வார்.

எல்லாவற்றையும் உருக்குவதற்கு எடுத்து வைத்துவிட்டு, இடக்கையால் சுற்றிப் பழக ஆரம்பித்திருக்கிறேன். சோற்றுக்கைக்கு வந்த வேலை இடக்கைக்கு வராதா? வரவில்லை. விரலெல்லாம் கீறல்.

மார்ச் 2, சனி

இடக்கை வந்துவிட்டது! என் வளையத்தையும் அவர் வளையத்தையும் கலந்து கொட்டி, பொறுக்கிப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

இவருடைய பழைய சட்டை இரண்டையும் லுங்கியையும் நனைத்துக் கொடியில் போட்டேன். செருப்பை வாசலில் திருப்பித் திருப்பி வைக்கிறேன். பெட்டிக்கடையில் இவர் போடுகிற பாக்குப் பொட்டலம் வாங்கினேன், வழக்கம்போல. வாங்கியதை என்ன செய்வது? நானே போட்டுப் பார்த்தேன். மோசமில்லை.

நல்லதம்பி அண்ணன் புல்லட்டில் வந்து வாசலிலேயே நின்றார். வண்டியை விட்டு இறங்காததற்கு அந்த மாரியம்மாளுக்கு ஒரு நன்றி. "அட்சய திருதியை வருதும்மா. குழந்தைக் கொலுசு, பெரிய கொலுசு ரெண்டும் வேணும். தீர்த்தகிரியால முடியுமா?"

"மாத்திர போட்டுக்கிட்டு செய்யறாருங்கண்ணா. முடியும்னாரு."

"சரி" என்று வெள்ளியைக் கையில் கொடுத்தார். என் கையில் கொடுத்தாலும் அவர் பெயருக்குத்தான் கொடுத்தார்.

மார்ச் 14, வியாழன்

குழந்தைக் கொலுசுக்கு மணி செய்தேன். பித்தளைக் கட்டையில் வெட்டிய குழியில் வெள்ளித் தகட்டை வைத்து, மரச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினால் மணியின் ஒரு பாதி வரும். இரண்டு பாதியைச் சேர்த்து, உள்ளே சின்னக் குண்டு ஒன்றைப் போட்டுப் பற்றவைத்தால் முழு மணி. ஆத்திரப்பட்டால் தகடு கிழியும். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்டிக்கொண்டே வர வேண்டும். இவருக்கு இந்தப் பொறுமை கிடையாது. மணியைக் கடையில் வாங்கித்தான் கோப்பார்.

முடித்ததும் எல்லா மணியையும் கையில் அள்ளிக் குலுக்கினேன். வீடு நிறையச் சத்தம். இந்த வீட்டில் குழந்தைக் கொலுசு சத்தம் வேலைக்காக மட்டும்தான் கேட்டிருக்கிறது. உடனே பையில் போட்டுக் கட்டிவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

யாரும் வரவில்லை. நான்தான் வர விடுவதில்லை என்பது தெரிகிறது. ஆனாலும் யாரும் வரவில்லை.

மார்ச் 28, வியாழன்

அலமேலு அக்கா இப்போதெல்லாம் வாசலில் நின்றே கையை நீட்டுகிறாள். பற்றவைத்த கொலுசைக் கொடுக்கிறேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்து மெருகேற்றித் திருப்பித் தருகிறாள். நடுவில் பேச்சே இல்லை. முன்பெல்லாம் அரை மணி நேரம் மருமகளைத் திட்டாமல் போகமாட்டாள். அந்த மருமகளுக்கு ஏதாவது கெட்டது நடந்ததா, நல்லது நடந்ததா, தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்று கேட்டேவிட்டேன். "மருமக எப்படிக்கா இருக்கா?"

"இருக்கா." அவ்வளவுதான். பிறகு நின்று, "நீ எப்படி இருக்கே சாந்தா?" என்றாள்.

"நல்லாருக்கேன்க்கா. அவருக்குத்தான் முதுகு" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு என்று எழுதினால் நீளும்.

ஏப்ரல் 10, புதன்

தெருக்கோடி பெருமாள் ஹுப்பரியிலிருந்து வந்திருக்கிறான். அங்கே மிஷின் ஓட்டுகிறவன். குழாயடியில் என்னைப் பார்த்ததும் குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணன அங்க பாத்தேனுங்க்கா. சந்தையில. தோள் மேல ஒரு கொழந்த, ரெண்டு வயசு இருக்கும். கூட ஒரு..."

"வேற ஆளா இருக்கும் பெருமாளு. அவரு வீட்ல படுத்திருக்காரு" என்றேன்.

அவன் திரும்பிப் போய்விட்டான்.

வேறு ஆளாகத்தான் இருக்கும். இவருக்குக் குழந்தையைத் தூக்கத் தெரியாது. யாராவது கையில் கொடுத்தால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பது போலப் பிடிப்பார். தோள் மேல் உட்கார வைத்துக்கொண்டு சந்தையில் நடப்பதாவது! இரண்டு வயது என்றால், இவர் போய் இரண்டு மாதம்தானே ஆகிறது? கணக்கே உதைக்கிறது.

போன வருஷமும் அதற்கு முந்தின இரண்டு வருஷமும் மிஷின் பார்க்கத்தான் போயிருந்தார்.

இன்று முழுக்க வேலை செய்தேன். சாப்பிட்டேனா என்று ஞாபகமில்லை. பெரிய கொலுசு ஒரு ஜோடி முடித்தாயிற்று.

ஏப்ரல் 22, திங்கள்

இவருக்குப் போன் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 25, வியாழன்

நல்லதம்பி அண்ணன் கடைப் பையனை அனுப்பியிருந்தார். தீர்த்தகிரி உடனே வர வேண்டுமாம். நடக்க முடியாவிட்டால் ஆட்டோ வைத்தாவது வர வேண்டுமாம்.

ஆட்டோவில் யாரை ஏற்றுவது? நானே போனேன். செவ்வாய்ப்பேட்டைக் கடை வரைக்கும் வழியெல்லாம் என்னென்ன பொய் சொல்லலாம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். வெள்ளியை நிறுத்திவிட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை. அதைவிட, அந்த இருட்டு அறையும் சிவப்பும் மணியும் போய்விடும். அதை நினைத்துத்தான் பயந்தேன். இவர் இனி வரமாட்டார் என்று நினைத்தபோதுகூட இப்படி இல்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அண்ணன் ஒரு ஜோடிக் கொலுசை மேஜையில் நீட்டி வைத்திருந்தார்.

"பாரும்மா."

பார்த்தேன். ஒன்றில் வளையத்தின் வாயெல்லாம் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இன்னொன்றில் அந்தப் பக்கம். பெருமாள் குழாயடியில் பேசின நாளில் செய்த ஜோடி. ஒரு காலுக்கு இடக்கையிலும் மறு காலுக்கு என் கையிலும் சுற்றியிருக்கிறேன். எப்போது கை மாறினேன் என்று எனக்கே தெரியாது.

"ஒரு ஜோடியில ஒண்ணு புருஷன் கை, ஒண்ணு பொண்டாட்டி கை. இப்படி ஒரு கொலுச நான் பாத்ததில்ல" என்றார்.

அடுக்கி வைத்த பொய்யெல்லாம் எங்கே போயிற்றோ. "ரெண்டுமே என் கைதாங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன். "அவரு ஊர்ல இல்ல. தை மாசத்துலயே போயிட்டாரு."

"தெரியும்."

"எப்படிங்கண்ணா?"

"தீர்த்தகிரி கொலுசுன்னா பத்துக்கு ரெண்டு அறுந்து திரும்பி வரும். பழகின ஆளுன்னு பொறுத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு மாசமா ஒண்ணு கூட வரல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, அவன் வீட்ல இல்லன்னு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் வந்தது. நான் இடக்கையைப் பழகினேன், சட்டையை நனைத்தேன், பாக்கு மென்றேன். நன்றாகச் செய்துவிட்டேன் என்பதில் போய் மாட்டிக்கொண்டேனே!

"நீயா வந்து சொல்லட்டும்னுதான் அவன வரச் சொல்லி அனுப்பினேன்" என்றார். "பொம்பள பேருக்கு நான் வெள்ளி குடுத்ததில்லம்மா."

"இத்தன நாளா குடுத்தது யாருக்குங்கண்ணா?" என்று கேட்டேன். வாய் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம்.

கொலுசை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு உள்ளே திரும்பி, "சாந்தாமணி பேருக்கு வெள்ளி எடுத்து வைப்பா" என்றார். என்னிடம், "இடக்கை வேசமெல்லாம் இனி வேணாம். உன் கையிலயே கட்டு" என்றார்.

ஏப்ரல் 26, வெள்ளி

காலையிலேயே கதவை விரியத் திறந்து வைத்தேன். ஜன்னலையும். இவர் செருப்பை உள்ளே எடுத்துப் போட்டேன். மத்தியானம் வரை பட்டறையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே போனார்கள். சாத்தின வீட்டைத் தாண்டிப் பழகிவிட்டார்கள். என் வீடு இனி யாருக்கும் நுழைகிற வீடு இல்லை என்று அப்போது புரிந்தது. இத்தனை மாதத்தில் இன்றுதான் தனியாக இருப்பது தாங்கவில்லை.

சாயந்திரம் நானே அலமேலு அக்கா வீட்டுக்குப் போனேன். பூந்திக்கொட்டை நுரையில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவரு இல்லக்கா. போயி ரொம்ப நாளாச்சு."

"தெருவுக்கே தெரியும்டி."

"ஏங்க்கா கேக்கல?"

"சொல்லாம இருந்தது உன் இஷ்டம். கேக்காம இருந்தது எங்க மரியாத" என்றாள் கோபமாக. பிறகு நுரைக் கையாலேயே என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். மருமகள் மாசியிலேயே தனிக்குடித்தனம் போய்விட்டாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. இருட்டும்வரை திட்டினாள். கேட்கக் கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது.

மே 8, புதன்

திருதியைக் கொலுசெல்லாம் கடைக்குப் போய்விட்டது. வலக்கையில் சுற்றினால் வளையம் கோணுகிறது. அன்றைக்கு ஒரு நாள்தான் தன்னால் வந்தது. இன்னொருவர் கையை இத்தனை நாள் பழகினால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. தினமும் கொஞ்சம் சுற்றிப் பார்க்கிறேன்.

மே 11, சனி

இன்று ஒரு சுருள் நேராக வந்தது.

மே 19, ஞாயிறு

காலையில் இவர் போன் செய்தார். நெருப்பை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"என்ன சாந்தா, நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

"பட்டறைய மூடிட்டியா? என் சாமானெல்லாம் எங்க போட்டே?"

"மூடல. வேல நடக்குது."

"யாரு செய்யறா?"

"நான்தான்."

சிரித்தார். "உனக்குப் பொடி வெக்கத்தான தெரியும்."

தெருவுக்குத் தெரிந்தது, நல்லதம்பி அண்ணனுக்குத் தெரிந்தது. தெரியாதவர் இவர் ஒருத்தர்தான். பக்கத்தில் குழந்தை அழுதது. கையால் போனைப் பொத்தி ஏதோ சொன்னார். அந்த ஊர்ப் பாஷையில், மெதுவாக, சமாதானமாக. என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு கையை எடுத்துவிட்டு, "இங்க வேல சரியில்ல. ஆடிக்கு வந்துடலாம்னு பாக்கறேன். வரட்டுமா?" என்றார்.

நான் மிஷின் பற்றியும் கேட்கவில்லை, குழந்தை பற்றியும் கேட்கவில்லை. என்ன சொல்வது என்று யோசித்ததாகவும் ஞாபகமில்லை.

"கம்பி இழுக்க ஒரு ஆள் வேணும்" என்றேன். "கூலிக்கு வரதுன்னா வாங்க."

குழந்தை இன்னும் பலமாக அழுதது. அவர் வைத்துவிட்டார்.

போனைக் கீழே வைத்தேன். வந்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. வராமலே போய்விடுவாரோ என்றும் பயமாகத்தான் இருந்தது.

அலமேலு அக்கா குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள். "யாரு போன்ல?"

"வேல கேட்டு ஒருத்தரு."

"குடுத்தியா?"

"சொல்லியிருக்கேன். அவரால முடியுமான்னு தெரியல."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் குழந்தை அழுததையும் சேர்த்து.